டேம் பேசிய நாள்

என் நைனாவின் ஃபோனில் ‘டேம்’ என்று ஒரு நம்பர் இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் அதிலிருந்து அழைப்பு வரும். இரண்டு முறை மணி அடிக்கும், நின்றுவிடும். நைனா அதை ஒருநாளும் எடுத்ததில்லை. திரையைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கி, ‘ஒரு ஷட்டர்’ என்பார். சற்று நேரம் கழித்து இன்னொரு தரம் அடித்து நின்றால் ‘ரெண்டு ஷட்டர்’. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆற்றுக்கு மேலே, ஆந்திரா பக்கத்தில் இருக்கிற அணைதான் எங்கள் நைனாவுக்கு ஃபோன் செய்கிறது என்று நான் முழுமனதாக நம்பினேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொண்டேன். கலெக்டருக்குக்கூட இன்னொரு ஆள் சொல்லித்தான் தெரியும், எங்கள் வீட்டுக்கு டேம் நேராகவே பேசும் என்று.

பேசும் என்பது கொஞ்சம் மிகை. மணி மட்டும்தான் அடிக்கும்.

பள்ளிப்பட்டில் எங்கள் தெரு ஆற்றை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தது. நாற்பது வீடுகள், பாதிக்கு மேல் விசைத்தறி. எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒரு ஷட்டர் திறந்தால் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும். அக்கரைக்குப் போகிறவர்கள் சுற்றுவழியாகப் போவார்கள். இரண்டு திறந்தால் ஆற்றோரம் மாடு கட்டியிருப்பவர்கள் அவிழ்த்துக்கொண்டு வருவார்கள். மூன்று திறந்தால் தறி மோட்டார்களைக் கழற்றிப் பரண்மேல் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றியதை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அன்றும் தண்ணீர் முதல் வீட்டு வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. ஏற்றியதை இறக்கி மாட்ட இரண்டு நாள் ஆனது என்று தெருவே ஒரு வாரம் புலம்பியது.

இனிச் சொல்வது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அந்த அணையில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கர் வேலை என் அத்தையின் வீட்டுக்காரருக்கு. அத்தை என் நைனாவுக்கு அக்கா. அவள் வீட்டுக்காரரை நைனா ‘பாவா, பாவா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான். அத்தை மகள் பெரியவளானபோது மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியது தாய்மாமன். தாய்மாமன் என் நைனா. மாலை திருத்தணி மார்க்கெட்டு மாலையாகத்தான் இருக்க வேண்டும் என்று விடியற்காலையில் கிளம்பிப் போனார். அன்றைக்குப் பார்த்துக் கிருத்திகை. மலையடிவாரத்தில் கூட்டம் நெருக்கி, பஸ் நகரவில்லை. அங்கே விசேஷ வீட்டில் ராகு காலம் வந்துவிடும் என்று நாலு பேர் நச்சரிக்க, அத்தை வீட்டுக்காரரான மாமா தன் பங்காளி ஒருவரை மாமன் இடத்தில் நிறுத்தி வேலையை முடித்துவிட்டார். மாலையும் கையுமாக நைனா போய் இறங்கியபோது பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும். சீர்த்தட்டுகளைப் பிரிக்காமலே நைனா திருப்பித் தூக்கினார். உன் வீட்டு ஆள் எவரிடமாவது இனி ஒரு வார்த்தை பேசினேன் என்றால் கேள் என்று மாமா திருத்தணி மலை இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். இந்த வாயால் இனி உன்னைப் பாவா என்று சொன்னேன் என்றால் கேள் என்று அதே சாமிமேல் நைனாவும் சத்தியம் செய்தார். எங்கள் பக்கத்தில் தணிகை முருகன்மேல் செய்கிற சத்தியம் லேசுப்பட்டதில்லை. மீறினால் மலையேறித் தலைமுடியைக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும். நானும் அந்த விசேஷத்துக்குப் போயிருந்தேனாம். ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்த காலம். லட்டு நன்றாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த வருட மழைக்கு முதல்முறை மணி அடித்து நின்றபோது நைனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். ஒரு மணி நேரத்தில் தரைப்பாலம் முழுகியபிறகு விளங்கியது. சத்தியம் செய்தது வாய், மணி அடிப்பது விரல், அதனால் குற்றமில்லை என்று மாமா கணக்குப் போட்டிருக்கிறார். நைனாவும் தன் பங்குக்குப் ‘பாவா’ என்று இருந்த பெயரை அழித்து, ‘டேம்’ என்று மாற்றிக்கொண்டார். தெருவில் யாராவது சேதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘தகவல் வந்துச்சு’ என்று மட்டும் சொல்வார். யாரிடமிருந்து என்று தெருவுக்கே தெரியும். வாய் விட்டுக் கேட்டால் அவர் முகம் கோணும் என்பதும் தெரியும். மூன்று வருடம் இப்படியே போனது.

புயல் வந்தது அந்த மூன்றாவது வருடத்தில். கடல் எங்களுக்கு வெகு தூரம். ஆனால் கரையைக் கடந்த புயல் எங்கள் பக்கம் வந்துதான் உட்காரும். இரண்டு நாள் விடாமல் கொட்டியது. பள்ளிக்கூடம் லீவு. முதல் நாளே கரண்ட் போய்விட்டது, தறிகள் நின்றன. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, ஆற்றோரம் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னார்கள். ஊர் அதிகாரியும் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெரு ஆட்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். டீ கொடுத்து அனுப்பினார்கள். ஒருவரும் அசையவில்லை. டேம் இன்னும் இரண்டுக்கு மேல் அடிக்கவில்லையே.

மூன்றாம் நாள் காலையில் மழை நின்றது. வெயிலே வந்துவிட்டது. ஈரத்துணியெல்லாம் கொடிக்கு வந்தது. புயல் கிளம்பிவிட்டது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தோளில் உட்காரவைத்து ஆற்றைக் காட்டக் கூட்டிப்போனார்கள். அம்மா, நனைந்த அரிசியை முறத்தில் போட்டு உலர்த்த உட்கார்ந்தாள்.

நைனா மட்டும் சரியில்லாமல் இருந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஃபோனில் டவர் இல்லை. சார்ஜும் இல்லை. தெருமுனையில் மெக்கானிக் பாய் கொட்டகை. லாரி பேட்டரியில் ஏதோ பெட்டியைச் சேர்த்து, ஊர் ஃபோனுக்கெல்லாம் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார் பாய். ஒவ்வொரு ஃபோனிலும் வீட்டுக்காரர் பெயர் எழுதின துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும். கொட்டகை மேட்டில் இருந்ததால் அங்கே ஒரு கோடு டவரும் கிடைத்தது. தறிகளுக்கு அடியில் தேங்கிய தண்ணீரை இறைக்கிற வேலை நைனாவுக்கு. அதனால் என்னை ஃபோனோடு பாய் கொட்டகைக்கு அனுப்பினார். விளையாடக் கூடாது, டேம் அடித்தால் எடுக்கக் கூடாது, எத்தனை தரம் அடிக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்து சொல்ல வேண்டும் என்று மூன்று கட்டளை. மூன்றுக்கும் தலையாட்டினேன்.

முதல் கட்டளை கால் மணி நேரம் தாங்கியது.

பாய் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நான் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, ஒயர் எட்டும் அளவுக்கு ஃபோனை இழுத்துவைத்துக்கொண்டு, பழம் வெட்டுகிற ஆட்டத்தைத் திறந்தேன். அதுவரை எட்டாத நம்பரை எட்டிக்கொண்டிருந்தேன். பழங்கள் நாலா பக்கமும் பறக்கின்றன, நான் விரலால் விசிறுகிறேன். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. திரையில் ‘டேம்’ என்று வந்தது. விசிறின விரல் விசிறினபடியே போய்ப் பச்சை வட்டத்தை இழுத்துவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. எடுத்தால் என்ன ஆகும் என்று நைனா சொன்னதில்லை. அணை உடைந்துவிடுமோ என்றுகூடத் தோன்றியது. ஃபோனைக் காதில் வைத்து, ‘அலோ’ என்றேன்.

அந்தப் பக்கம் பேரிரைச்சல் மட்டும் கேட்டது, தண்ணீர் விழுகிற இரைச்சல். அதற்கு நடுவில் யாரோ மூச்சு விடுகிறார்கள். நான் இன்னொரு தரம் ‘அலோ’ என்றேன். மூச்சு அப்படியே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது ஒரு குரல் வந்தது.

"யாரு, பாப்பாவா?"

டேம் பேசிவிட்டது. ஆம்பிளைக் குரல், கரகரவென்று, பாதித் தெலுங்கு வாடை. நான் ‘ஆங்’ என்றேன்.

"காலையிலேந்து அடிச்சிக்கினே கீறேன், லைனு போவல. நல்லாக் கேட்டுக்க பாப்பா. எல்லா ஷட்டரையும் தூக்கறோம். ரெண்டு மணி நேரத்துல தண்ணி உங்க தெருவுல இருக்கும். சாமானப் பாக்க வேணாம், ஆளுங்க மொதல்ல மேட்டுக்கு ஏறுங்க. ஓடிப்போய் நைனாகிட்ட சொல்லு."

நான் மறுபடி ‘ஆங்’ என்றேன். பயத்தில் எனக்கு அது ஒன்றுதான் வந்தது. குரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"முன்பல்லு மொளைச்சிடுச்சா உனக்கு?"

மொளைச்சிடுச்சு என்றேன். லைன் அறுந்துபோனது.

வீட்டுக்கு ஓடினேன். நைனா முழங்கால் தண்ணீரில் நின்று பக்கெட்டில் மொண்டுகொண்டிருந்தார். டேம் பேசிச்சு, எல்லா ஷட்டரும் தூக்கறாங்களாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நைனாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் ஃபோனை எடுத்தேனா என்று கேட்டார். அதுவாக எடுத்துக்கொண்டது என்றேன். டேம் எப்படிப் பேசும், கதை விடுகிறாயா என்று கையை ஓங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லா ஷட்டரும் என்பது அந்தத் தெருவில் யாரும் கேட்டிராத சேதி. தவிர, கதை விடுவதில் எனக்கு ஏற்கனவே பெயர் இருந்தது.

அடிக்குப் பயந்து மிச்சத்தையும் கொட்டினேன்.

"நெஜம்மா பேசிச்சு நைனா. முன்பல்லு மொளைச்சிச்சான்னுகூடக் கேட்டுச்சு."

ஓங்கின கை அப்படியே நின்றது. நைனா பக்கெட்டைக் கீழே விட்டார். அது தண்ணீரில் மிதந்துபோய்த் தறிக்காலில் முட்டியது. என் வாயையே பார்த்தார். பல் முளைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இதில் இவ்வளவு உற்றுப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

தெருவுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். எல்லோரும் வெளியே வாங்க, எல்லா ஷட்டரும் தூக்குகிறார்கள், பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க என்று கத்தினார். ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். முதலில் வானத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆறும் நேற்றைவிட ஒரு முழம் இறங்கித்தான் இருந்தது. கீழ்வீட்டுத் தறிக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே, யார் சொன்னது என்று கேட்டார். நைனா வழக்கம்போல, தகவல் வந்தது என்றார். எத்தனை மிஸ்டு கால் என்றார் அவர். மிஸ்டு கால் என்று ஒன்றும் இல்லையே. என் விரல்தான் அதைக் கெடுத்துவிட்டதே.

போன தடவை மோட்டாரை ஏற்றி இறக்கினதே இன்னும் இடுப்பு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். இரண்டொருவர் உள்ளே போகத் திரும்பினார்கள்.

நைனா தெரு நடுவில் நின்றார். என் நைனாவை அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் பார்த்ததில்லை. மலை இருக்கிற திசையில் ஒரு தரம் பார்த்தார்.

"எங்க பாவா சொன்னாரு. வாயத் தொறந்து சொன்னாரு."

கீழ்வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அத்தனை நேரம் மைக் கட்டிச் சொல்லியும் கேட்காத ஜனம், வெயிலைக் காட்டி வாதம் பண்ணிக்கொண்டிருந்த ஜனம், இந்த ஒரு வார்த்தைக்கு ஏன் இப்படி வாயடைத்துப் போனது என்று எனக்குப் புரியவில்லை. முதலில் அசைந்தது பாய்தான். வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்திருந்தார். கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அவரே பேசிட்டாருன்னா இனி நின்னுகினு இருக்கற வேலையே இல்ல. பொம்பளைங்க புள்ளைங்க மொதல்ல ஏறுங்க. மோட்டாரெல்லாம் நம்ம வண்டில ஏத்துங்கப்பா."

அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் ஏன் என்று கேட்கவில்லை. கயிறு அறுத்து மாடுகளை விரட்டினார்கள். நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கினார்கள். தறியிலிருந்து கழற்றின மோட்டார்கள் பாயின் லாரியில் ஏறின. அம்மா ஒரு கையில் தம்பியையும் இன்னொரு கையில் ரேஷன் கார்டுப் பையையும் பிடித்துக்கொண்டு, உலர்த்தின அரிசியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஏறினாள். கடைசி வீடு காலியானபோது பிற்பகல் மூன்று இருக்கும்.

தண்ணீர் நான் நினைத்தபடி அலையடித்துக்கொண்டு வரவில்லை. பள்ளிக்கூட மாடியிலிருந்து பார்த்தோம். சாக்கடை வழியாக முதலில் எதிர்த்து வந்தது. பிறகு எல்லாச் சந்திலிருந்தும் ஒரே சமயத்தில் பழுப்பாக ஏறியது. நாங்கள் விட்டுவந்த முறம் எங்கள் வாசலிலிருந்து கிளம்பி, தெரு வழியாக ஆற்றுக்குப் போனது. அரை மணி நேரத்தில் ஜன்னல் மறைந்தது. இன்னும் அரை மணியில் கீழ்வீட்டின் சுவர் மண்ணாய்க் கரைந்து உட்கார்ந்தது. அந்த வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என் தலையில் கை வைத்தார். வெற்றிலைக் கையோடு வைக்கிறாரே என்று நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

நாற்பது வீட்டில் ஒரு உயிர் போகவில்லை. ஏழு வீடு விழுந்தது. எங்கள் தறிகளில் ஒரு முழ உயரத்துக்குச் சேறு. தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் இரண்டும் வீண். மோட்டார் இருந்ததால் தை மாசத்திலேயே மறுபடி ஓட்ட முடிந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் இருந்தோம். சாம்பார் சாதம் நன்றாகவே இருந்தது. இரண்டாம் நாள் டவர் வந்ததும் நைனா ஃபோனை எடுத்து ‘டேம்’ நம்பருக்கு இரண்டு மணி அடிக்கவிட்டு நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தும் இரண்டு மணி அடித்து நின்றது. நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு இருந்த கவலையெல்லாம் வேறு. ஃபோன் தானாக எடுத்துக்கொள்ளாது என்பது நைனாவுக்கு எப்படியும் தெரிந்துவிடும். ஆட்டம் பாதியில் நிற்பதைத் திறந்து பார்த்தாலே போதும். சேறு வாரி முடிந்ததும் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. தறி ஓடத் தொடங்கியதும் விழும் என்று நினைத்தேன். அப்போதும் இல்லை. தைக் கிருத்திகைக்கு முந்தின நாள், நாளைக்குத் திருத்தணிக்குப் போகிறோம், நீயும் வா என்று நைனா சொன்னார். சாமி முன்னால் நிறுத்தித்தான் கேட்கப்போகிறார் என்று முடிவுகட்டினேன்.

படியேறிப் போய் நைனா முடி காணிக்கைக்குச் சீட்டு வாங்கினார். என்ன வேண்டுதல் என்று அம்மா கேட்கவில்லை. மொட்டை போடுகிற கூடத்தின் வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அம்மாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்த உடனேயே அழ ஆரம்பித்தார்கள். கூடத்துக்குள்ளிருந்து ஒல்லியான ஒரு மனிதர், அப்போதுதான் சிரைத்த தலையில் தண்ணீர் சொட்ட வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நைனாவும் சீட்டோடு நின்றார். அந்த மனிதர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எங்க, பல்லக் காட்டு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே கரகரப்பு.

‘டேம்’ என்று கத்திவிட்டேன். இவ்வளவு பெரிய தண்ணீரைப் பிடித்துவைத்திருந்தது இந்த ஒல்லி ஆளா என்று பெரிய ஏமாற்றம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து கூடத்துக்குள் எட்டிப்பார்த்து, சிரைப்பவரிடம் சொன்னார்.

"எங்க மச்சானுக்குப் புது பிளேடு போடுப்பா."

நைனா குனிந்து உட்கார்ந்தார். முடி விழுந்து முடிகிற வரை மாமா பக்கத்திலேயே நின்றார். குளித்துவிட்டு வந்ததும் அவரே சந்தனத்தை உள்ளங்கையில் குழைத்து, நைனாவின் தலையில் தடவினார். நைனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குளுருது பாவா என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மொட்டைத் தலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரெண்டு பேர் தலையிலும் பேன் வந்துவிட்டதா என்று கேட்டேன். அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். கண்ணீர் வடிய அவளும் சிரித்தாள். அந்த இரண்டு தலையின் முடியையும் இறக்கியது பழம் வெட்டப்போன என் ஒரு விரல்தான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. படியிறங்கும்போது நைனா எனக்குப் பஞ்சாமிர்தம் வாங்கிக் கொடுத்தார். மாமா இன்னொரு டப்பா வாங்கிக் கொடுத்தார். ஃபோனில் விளையாடியதற்கு இன்னும் அடி விழவில்லையே என்று யோசித்துக்கொண்டே இரண்டையும் தின்று முடித்தேன். வேறு எதையும் யோசிக்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.